கட்டட வடிவமைப்புக்குக் கட்டற்ற மென்பொருள்: எதை முதலில் தேர்வது?

வரைபலகை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நாங்கள் மூவர் சேர்ந்து வீடுகளையும், இரண்டு மூன்று மாடிக்கு மேற்படாத சிறு கட்டடங்களையும் வடிவமைத்துத் தருகிறோம். இதுநாள்வரை ஆண்டுச் சந்தா செலுத்திப் பயன்படுத்தும் ஒரு வணிக மென்பொருளில்தான் எல்லா வரைபடங்களையும் வரைந்து வந்தோம். கடந்த முறை சந்தாவைப் புதுப்பிக்கச் சில வாரங்கள் தாமதமாகிவிட்டன. அந்த வாரங்களில், எட்டு ஆண்டுகளாக நாங்களே வரைந்து சேர்த்த கோப்புகளில் ஒரு சன்னலைக்கூட இடம் மாற்ற முடியாமல் போனது. செலவைக் காட்டிலும் இந்த நிலைதான் எங்களை உறுத்துகிறது. ஆகவே, இனி வரும் வேலைகளையாவது கட்டற்ற மென்பொருளில், அதாவது யாரும் பயன்படுத்தவும் மூலநிரலை மாற்றவும் பிறருக்கு வழங்கவும் உரிமை தரும் மென்பொருளில், செய்வது என்று முடிவெடுத்திருக்கிறோம்.

தேடிப் பார்த்ததில் ஃப்ரீகேட், பிளெண்டரும் அதனுடன் சேரும் பான்சாய் என்னும் செருகுநிரலும், லிப்ரேகேட், க்யூகேட் ஆகிய பெயர்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. தளவரைபடம், வெட்டுத்தோற்றம், முகப்புத்தோற்றம் ஆகியவற்றை அளவுகளோடு அச்சிட்டுத் தர வேண்டும். கதவு, சன்னல் அட்டவணையும், செங்கல், கான்கிரீட் அளவுக் கணக்கும் எடுக்க வேண்டும். கட்டமைப்புப் பொறியாளரோடு கோப்புகளைப் பரிமாறிக்கொள்ள வேண்டும். இவற்றுக்கு எதைத் தேர்ந்தெடுத்தால் பின்னால் வருந்த நேராது என்பதைப் பயன்படுத்தி அறிந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

நெடுங்கணக்கு எழுதியது:

உங்கள் கேள்வியின் வரிசையைச் சற்று மாற்றிக்கொள்ளச் சொல்வேன். மென்பொருளைத் தேர்வதற்கு முன்னால், நீங்கள் வடிவமைக்கும் கட்டடம் எந்தக் கோப்பு வடிவத்தில் இருக்கப்போகிறது என்பதை முடிவு செய்யுங்கள். கட்டி முடித்த வீட்டின் மேல் இருபது ஆண்டுகள் கழித்து ஒரு மாடி எழுப்ப வேண்டி வந்தால், அன்று உங்கள் கணினியில் இருக்கும் மென்பொருள் இன்றையதாக இராது. கோப்பு மட்டும் அதே கோப்பாக இருக்கும். நீங்கள் பட்ட தொல்லைக்கும் இதுவே வேர். ஒரு கோப்பின் உள்ளமைப்பு ஒரே நிறுவனத்துக்கு மட்டும் முழுமையாகத் தெரிந்ததாக இருக்கும்வரை, அதைத் திறந்து திருத்தும் உரிமையை வாடகைக்குப் பெறுவதைத் தவிர வேறு வழி கிடையாது.

நம் துறையில் கவனிக்க வேண்டியவை மூன்று வடிவங்கள். டிடபிள்யூஜி, ஆட்டோகேட் என்னும் வணிக வரைவு மென்பொருளின் சொந்த வடிவம்; அதன் முழு விவரக்குறிப்பை உரிமையாளர் வெளியிட்டதில்லை. டிஎக்ஸ்எஃப், 1982இல் ஆட்டோகேடின் முதல் பதிப்போடு வந்த பரிமாற்ற வடிவம். அதன் விவரக்குறிப்பு வெளியிடப்பட்டிருப்பதால் ஏறக்குறைய எல்லா வரைவு மென்பொருள்களும் அதைப் படிக்கின்றன. மூன்றாவது ஐஎஃப்சி. பில்டிங்ஸ்மார்ட் என்னும் பன்னாட்டு அமைப்பு பராமரித்து வரும் இந்த வடிவம் 2013இல் ஐஎஸ்ஓ 16739 என்ற முழுமையான பன்னாட்டுத் தரமாக ஏற்கப்பட்டது. சாலை, பாலம், இருப்புப்பாதை ஆகியவற்றையும் சேர்த்துக்கொண்ட 4.3ஆம் பதிப்பு 2024இல் தரமாக வெளிவந்தது.

முதல் இரண்டும் பெரும்பாலும் கோடுகளைச் சேமிப்பவை. இணையாக ஓடும் இரண்டு கோடுகளைச் சுவர் என்று புரிந்துகொள்வது பார்ப்பவரின் வேலை. ஐஎஃப்சியில் சுவர் சுவராகவே பதிவாகிறது: அது எந்தத் தளத்தைச் சேர்ந்தது, எந்தெந்தப் பொருளடுக்குகளால் ஆனது, அதில் எந்தத் திறப்பு வெட்டப்பட்டிருக்கிறது, அந்தத் திறப்பை எந்தக் கதவு நிரப்புகிறது என்பதெல்லாம் உறவுகளாகக் கோப்புக்குள்ளேயே எழுதப்படுகின்றன. கதவு அட்டவணையும் அளவுக் கணக்கும் அதிலிருந்து கிடைப்பது இதனால்தான்.

இந்த அளவுகோலை வைத்தால் தேர்வு தானே சுருங்கிவிடுகிறது. லிப்ரேகேடும் க்யூகேடும் இருபரிமாண வரைவுக்கானவை. நல்ல கருவிகள், ஆனால் உங்களுக்குத் தேவையான கணக்கை அவை தாமாகத் தர மாட்டா. எஞ்சுபவை ஃப்ரீகேடும் பான்சாயும். இவை இரண்டுமே ஐஎஃப்சியைக் கையாள ஐஎஃப்சி ஓப்பன்ஷெல் என்ற ஒரே நிரல்தொகுப்பைத்தான் சார்ந்திருக்கின்றன. 2024 வரை பிளெண்டர்பிம் என்று அழைக்கப்பட்ட பான்சாய், ஐஎஃப்சி கோப்பையே நேரடியாகத் திறந்து அதையே திருத்தி அதிலேயே சேமிக்கிறது. ஃப்ரீகேடும் 2024 நவம்பரில் வந்த 1.0 பதிப்பில் கட்டடத்துக்கான பணிமேடையை (ஒரு வகை வேலைக்கான கருவிகளின் தொகுப்பை) தன்னுள் இணைத்துக்கொண்டதோடு, ஐஎஃப்சியை நேரடியாகத் திருத்தும் வசதியையும் சேர்த்தது.

தூக்குக்குண்டு எழுதியது:

நான் வரைபவன் அல்லன். வரைந்து வருவதைத் தளத்தில் நின்று கட்டுபவன். நெடுங்கணக்கு ஐயா சொல்வதை மறுக்கவில்லை. ஆனால் கொத்தனாரின் கைக்கு வருவது காகிதம். பொறியாளரிடமிருந்தும் ஒப்பந்ததாரரிடமிருந்தும் வருவது பெரும்பாலும் டிடபிள்யூஜி. இந்த இரண்டையும் சமாளிக்க வழி சொல்லாமல் ஐஎஃப்சியைப் பற்றி மட்டும் பேசினால், வரைபலகை அவர்களின் அலுவலகம் முதல் மாதத்திலேயே பழைய மென்பொருளுக்குத் திரும்பிவிடும் என்று அஞ்சுகிறேன்.

டிடபிள்யூஜியைப் பொறுத்தவரை உண்மை நிலவரம் இதுதான். குனூ திட்டத்தைச் சேர்ந்த லிப்ரேடிடபிள்யூஜி என்ற கட்டற்ற நிரல்தொகுப்பு படிப்பதில் காட்டும் திறனை எழுதுவதில் இன்னும் எட்டவில்லை. லிப்ரேகேட் சில டிடபிள்யூஜி கோப்புகளைத் திறக்கும், அந்த வடிவத்தில் சேமிக்காது. க்யூகேடின் சமூகப் பதிப்பு கட்டற்றது. டிடபிள்யூஜி வசதியோ அதன் கட்டணப் பதிப்பில்தான் இருக்கிறது. டிடபிள்யூஜியை டிஎக்ஸ்எஃப் ஆக மாற்றப் பலரும் பயன்படுத்தும் ஓடிஏ கோப்பு மாற்றி விலையில்லாமல் கிடைக்கிறது, எனினும் அது கட்டற்ற மென்பொருள் ஆகாது. ஃப்ரீகேட்கூட டிடபிள்யூஜியைத் திறக்க இவற்றில் ஒன்றை வெளியிலிருந்து அழைத்துக்கொள்கிறது.

ஆகவே, உடன் பணியாற்றுவோரிடம் டிஎக்ஸ்எஃப் ஆகச் சேமித்து அனுப்பச் சொல்லிவிடுவதே எளிது. அவர்களுக்கு அது இரண்டு சொடுக்குகளில் முடியும் வேலை. பெற்றவுடன் செய்ய வேண்டியது ஒன்று உண்டு: நீங்கள் நிச்சயமாக அறிந்த ஓர் அளவை, ஒரு கதவின் அகலத்தையோ இரண்டு தூண்களுக்கு இடையிலான தூரத்தையோ, அளந்து பாருங்கள். டிஎக்ஸ்எஃப் கோப்பில் எண் இருக்கும். அந்த எண் மில்லிமீட்டரா, மீட்டரா, அங்குலமா என்ற குறிப்பு பல நேரங்களில் விடுபட்டோ தவறாகவோ இருக்கும். ஆயிரம் மடங்கு பெரிதாகிவிட்ட கட்டடம் உடனே கண்ணில் பட்டுவிடும். அங்குலமும் மில்லிமீட்டரும் குழம்பி 25.4 மடங்கு மாறியதையும் கண்டுகொள்ளலாம். ஒரு பகுதி மட்டும் மாறியிருந்தால்தான் தெரியாமல் போகும். வேறொரு அலுவலகத்திலிருந்து வந்த வரைபடத்தில், தளவரைபடம் சரியான அளவிலும் அதில் ஒட்டப்பட்டிருந்த படிக்கட்டு விவரம் மட்டும் வேறு அலகிலும் இருந்ததைத் தளத்தில் குறியிட்டு முடித்த பிறகுதான் நாங்கள் கண்டுபிடித்தோம். அன்றிலிருந்து அளந்து பார்க்காமல் எந்தக் கோப்பையும் நான் ஏற்பதில்லை.

முக்கோணி எழுதியது:

கட்டடக்கலை மாணவர்களுக்குப் பல ஆண்டுகளாக இந்தக் கருவிகளைக் கற்பித்து வருகிறேன் என்ற முறையில், ஃப்ரீகேடுக்கும் பிளெண்டருக்கும் இடையே உள்ள அடிப்படை வேறுபாட்டை விளக்க விரும்புகிறேன். ஐஎஃப்சி என்ற பொதுவான கரையில் இரண்டும் வந்து சேர்ந்தாலும், புறப்படும் இடங்கள் வெவ்வேறு.

ஃப்ரீகேட், ஓப்பன்காஸ்கேட் என்னும் வடிவவியல் கருநிரலின் மேல் எழுப்பப்பட்டது. அதில் வட்டம் வட்டமாகவே கணக்கிடப்படுகிறது. ஒரு திண்மத்தின் ஒவ்வொரு முகமும் விளிம்பும் துல்லியமான சமன்பாடுகளாக இருக்கின்றன. அளவுகளுக்குப் பெயரிட்டு, ஒரு விரிதாளின் கட்டங்களிலிருந்து அவற்றை இயக்கவும் முடியும். படியின் உயரத்தை ஒரு கட்டத்தில் மாற்றினால் படிக்கட்டு முழுவதும் அதற்கேற்ப மாறும்படி அமைக்கலாம். பிளெண்டர் அசைவூட்டத் துறைக்காக வளர்ந்தது. அங்கே வடிவம் என்பது புள்ளிகளும் விளிம்புகளும் சிறு முகங்களும் சேர்ந்த மெஷ். பான்சாய் சுவரையும் தூணையும் ஐஎஃப்சியின் முறைப்படி ஒழுங்காகவே பதிந்துவைக்கிறது என்றாலும், திரையில் நீங்கள் தொட்டு நகர்த்துவது அந்த மெஷ்ஷைத்தான்.

இதன் விளைவுகளில் ஒன்றை எல்லோரும் அறிந்திருக்க வேண்டும். பிளெண்டர் புள்ளிகளின் ஆயங்களை 32 பிட் எண்களாக வைத்திருக்கிறது. அதில் ஏறக்குறைய ஏழு இலக்கங்களுக்குத்தான் இடமுண்டு. நில அளவையர் தரும் ஆயங்களை அப்படியே இட்டால், ஆயங்கள் சுழியாக இருக்கும் மூலப்புள்ளியிலிருந்து 500 கிலோமீட்டர் தொலைவில், அடுத்தடுத்த இரண்டு எண்களுக்கு இடையே உள்ள இடைவெளியே சுமார் 3 சென்டிமீட்டர் ஆகிவிடும். சுவர்கள் நடுங்குவதும் மூலைகள் பொருந்தாமல் போவதும் அதனால்தான். பான்சாய் இத்தகைய தொலைவான ஆயங்களைக் கண்டால் மூலப்புள்ளியைக் கட்டடத்துக்கு அருகே நகர்த்திவைத்துக்கொண்டு வேலை செய்கிறது. எந்த மென்பொருளாக இருந்தாலும், கட்டடத்தின் ஒரு மூலையை மூலப்புள்ளியாகக் கொண்டு வரைந்து, நில ஆயங்களை ஐஎஃப்சியின் புவியிடக் குறிப்பில் தனியே எழுதுவதே முறை. அந்தக் குறிப்புக்கான இடம் ஐஎஃப்சி 4இல்தான் முறையாக ஏற்படுத்தப்பட்டது. பலர் இன்னும் பயன்படுத்தும் பழைய 2x3 பதிப்பில் அது கிடையாது.

ஃப்ரீகேடுக்கும் ஒரு நெடுநாள் நோய் இருந்தது. ஒரு திண்மத்தின் முகங்களுக்கு அது தானாக எண்ணிடும். முன்னே செய்த ஒரு வேலையைத் திருத்தினால் எண்கள் இடம் மாறி, ஆறாம் முகத்தின் மேல் அமர்த்திய பொருள் வேறெங்கோ போய் ஒட்டிக்கொள்ளும். 1.0 பதிப்பில் இது பெருமளவு சீராக்கப்பட்டிருக்கிறது. பழைய பதிப்பைப் பார்த்துவிட்டு மனம் நொந்து விலகியவர்கள் மறுபடியும் ஒருமுறை பார்க்க வேண்டும் என்று உளமாரக் கேட்டுக்கொள்கிறேன்.

கற்பதைப் பற்றி ஒரு சொல். கோடு வரைந்து பழகியவர்களுக்கு இரண்டுமே முதல் இரண்டு வாரங்களில் கடினமாகத்தான் இருக்கும். ஃப்ரீகேடின் சிக்கல், பணிமேடைகள் பலவாகப் பிரிந்து கிடப்பது. பான்சாயின் சிக்கல், பிளெண்டரையும் ஐஎஃப்சியின் சொல்லாட்சியையும் ஒருங்கே கற்க வேண்டியிருப்பது. என் மாணவர்களில் கட்டடத்தைப் பொருள்களின் தொகுப்பாகப் பார்ப்பவர்கள் பான்சாயிலும், வடிவவியலாகப் பார்ப்பவர்கள் ஃப்ரீகேடிலும் விரைவில் தேறுகிறார்கள்.

மூலநிரல் எழுதியது:

உரிமம் பற்றி யாரும் பேசவில்லை என்பதால் நான் எழுதுகிறேன். பிளெண்டர், பான்சாய், லிப்ரேகேட் ஆகியவை ஜிபிஎல் உரிமத்திலும், ஃப்ரீகேடும் ஐஎஃப்சி ஓப்பன்ஷெல்லும் எல்ஜிபிஎல் உரிமத்திலும் வெளியாகின்றன. இரண்டுமே கட்டற்ற மென்பொருளுக்கான உரிமங்கள். இவற்றைக் கண்டு சில அலுவலகங்கள் தயங்குவதைப் பார்த்திருக்கிறேன். கட்டற்ற மென்பொருளில் வரைந்தால் வரைபடத்தையும் எல்லோருக்கும் திறந்துவிட வேண்டுமோ என்ற அச்சம் அது. அப்படி எந்தக் கட்டாயமும் இல்லை. உரிமத்தின் நிபந்தனைகள் மென்பொருளின் நிரலைப் பற்றியவை; அந்த நிரலை மாற்றிப் பிறருக்கு வழங்கும்போதுதான் மூலநிரலையும் தர வேண்டும் என்ற கடமை எழுகிறது. நீங்கள் வரைந்த கட்டடம் உங்களுடையது, உங்கள் வாடிக்கையாளருடையது.

விலையில்லாதது எல்லாம் கட்டற்றது ஆகாது என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். மாணவர் பதிப்பு, சோதனைப் பதிப்பு, உலாவியில் மட்டும் இயங்கும் இலவசப் பதிப்பு ஆகியவற்றை வழங்குபவர் நாளையே நிறுத்திவிடலாம். கட்டற்ற மென்பொருளில் அது நடப்பது கடினம். பிளெண்டரின் வரலாறே இதற்குச் சான்று: அதை விற்றுவந்த நிறுவனம் 2002இல் மூடப்பட்டபோது, பயனர்கள் ஏழு வாரங்களில் 1,00,000 யூரோ திரட்டி மூலநிரலை விடுவித்தார்கள்.

ஐஎஃப்சி கோப்பைப் பற்றி நெடுங்கணக்கு சொன்னதோடு ஒன்றைச் சேர்க்க வேண்டும். அது பெரும்பாலும் எளிய எழுத்துக் கோப்பாகவே சேமிக்கப்படுகிறது. எந்த உரைத்திருத்தியிலும் திறந்து படிக்கலாம். ஒவ்வொரு வரியும் எண்ணிட்ட ஒரு பதிவு; சுவர், கதவு போன்ற ஒவ்வொரு பொருளுக்கும் 22 எழுத்துகளால் ஆன தனித்த அடையாளம் உண்டு. கோப்பு பழுதடைந்தால்கூட உள்ளே என்ன இருக்கிறது என்று கண்ணால் பார்க்க முடியும். தமிழில் அறைப்பெயர் எழுதினால், அந்த எழுத்துகள் பதினாறெண் குறியீடுகளாகக் கோப்பில் பதியும். அதைக் கண்டு பிழை என்று எண்ண வேண்டாம், முறைப்படி படிக்கும் எந்த மென்பொருளும் அதைத் திரும்பத் தமிழாகவே காட்டும். லிப்ரேகேடில் இந்த நிம்மதி கிடைக்காது. அது தனக்கென்று வைத்திருக்கும் கோட்டெழுத்துருக்களைத்தான் பயன்படுத்துகிறது; ஒருங்குறித் தமிழ் எழுத்துருக்களை அப்படியே ஏற்காது.

எழுத்துக் கோப்பு என்பதால் கிட் போன்ற பதிப்பு மேலாண்மைக் கருவியில் வைத்து, நேற்றைக்கும் இன்றைக்கும் எந்தச் சுவர் மாறியது என்று வரிவரியாகப் பார்க்கலாம். ஆனால் இதற்கு ஒரு நிபந்தனை இருக்கிறது. வேறு வடிவத்தில் வரைந்துவிட்டு ஒவ்வொரு முறையும் ஐஎஃப்சியாக ஏற்றுமதி செய்தால், வரிகளின் எண்கள் எல்லாமே மாறிவிடக்கூடும். ஒரு கதவை நகர்த்தியதற்குக் கோப்பு முழுவதும் மாறியதாகக் காட்டும். கோப்பை நேரடியாகத் திருத்தும் முறையில் மாறிய வரிகள் மட்டுமே மாறும். மூவர் சேர்ந்து வேலை செய்யும் அலுவலகத்துக்கு இதைவிடப் பெரிய வசதி வேறு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

வரைபலகை எழுதியது:

இவ்வளவு விரிவாக எழுதிய அனைவருக்கும் நன்றி. கோப்பை முதலில் தேர்வது என்ற கருத்து எங்களுக்குப் புதிது. மூவரும் அதை ஏற்றுக்கொண்டுவிட்டோம். ஆனால் ஃப்ரீகேடா பான்சாயா என்பதில் எங்களுக்குள்ளேயே ஒற்றுமை இல்லை. படித்து மட்டும் முடிவெடுக்க முடியாது என்று தோன்றுகிறது. எப்படிச் சோதித்துப் பார்ப்பது?

நெடுங்கணக்கு எழுதியது:

சிறியதாக, ஆனால் முழுமையாகச் சோதியுங்கள். பலர் ஒரு பெரிய கட்டடத்தின் முப்பரிமாண மாதிரியைப் பாதிவரை செய்துவிட்டு, திரையில் அது அழகாகத் தெரிவதைக் கண்டு முடிவெடுத்துவிடுகிறார்கள். அச்சிடும் நாளில்தான் இடர்ப்படுகிறார்கள். இரண்டு அறைகள், இடையே ஒரு கதவு, ஒரு சாய்கூரை, திரும்பி ஏறும் ஒரு படிக்கட்டு, மொத்தச் சுவர் நீளத்தில் ஓரிடத்தில் செங்கோணமல்லாத ஒரு மூலை: இவ்வளவு போதும். இதை இரண்டு மென்பொருள்களிலும் செய்து, அளவுகள் இட்ட தளவரைபடத்தையும் படிக்கட்டின் வழியாகச் செல்லும் வெட்டுத்தோற்றத்தையும் காகிதத்தில் எடுங்கள். அதன் பிறகு தளத்தின் உயரத்தை 150 மில்லிமீட்டர் கூட்டிவிட்டு, எவையெல்லாம் தாமாக மாறின, எவற்றைக் கையால் திருத்த வேண்டியிருந்தது என்று குறித்துக்கொள்ளுங்கள். வடிவமைப்பு என்பதே திருத்தம்தான் ஆகையால், இந்தக் கடைசிச் சோதனைக்கே நான் அதிக மதிப்புத் தருவேன்.

அளவுக் கணக்கையும் கையால் சரிபாருங்கள். 4 மீட்டர் நீளமும் 3 மீட்டர் உயரமும் 0.2 மீட்டர் தடிமனும் உள்ள சுவரின் மொத்தக் கன அளவு 2.4 கன மீட்டர். அதில் 1 மீட்டர் அகலமும் 2.1 மீட்டர் உயரமும் கொண்ட கதவு இருந்தால் 0.42 கழிந்து, நிகர அளவு 1.98 ஆக வேண்டும். மென்பொருள் இந்த இரண்டு எண்களையும் தனித்தனியே காட்டுகிறதா, அட்டவணையில் நீங்கள் எடுத்தது எது என்று பாருங்கள். இரண்டு சுவர்கள் சந்திக்கும் மூலையின் கன அளவை எந்தச் சுவரின் கணக்கில் சேர்த்திருக்கிறது என்பதையும் விட்டுவிடாதீர்கள். இருமுறை எண்ணப்படுவது அங்கேதான்.

வரைபலகை எழுதியது:

மூன்று வாரங்களுக்குப் பிறகு எழுதுகிறேன். சொன்னபடியே செய்து பார்த்தோம்.

பான்சாயில் சுவர்களும் கதவும் விரைவாக எழுந்தன. சுவரின் வகையை ஒருமுறை வரையறுத்துவிட்டு அடுக்குகளின் தடிமனை மாற்றினால், அந்த வகையைச் சேர்ந்த எல்லாச் சுவர்களும் மாறின. கதவு அட்டவணை எதிர்பார்த்தபடியே வந்தது. வரைபடங்களை அது எஸ்விஜி என்னும் கோட்டோவியக் கோப்புகளாக உருவாக்குகிறது. கோட்டின் தடிமன், நிரப்பு, எழுத்துரு ஆகியவற்றை வலைப்பக்கங்களுக்கு எழுதுவது போன்ற நடைத்தாளில் எழுத வேண்டியிருந்தது. எங்களில் இருவருக்கு இது முற்றிலும் அந்நியமாக இருந்ததால் முதல் தாளை ஒழுங்காகக் கொண்டுவரவே நான்கு நாட்கள் பிடித்தன. ஆனால் ஒருமுறை அமைத்த பிறகு அடுத்த தாள்கள் எல்லாம் அதே நடையில் வந்துவிடுகின்றன. அந்தக் கோப்புகளைத் திருத்தும் இங்க்ஸ்கேப் என்ற கட்டற்ற மென்பொருளில் திறந்தால் தமிழ் அறைப்பெயர்களும் பிசகின்றித் தெரிகின்றன.

ஃப்ரீகேடில் படிக்கட்டும் செங்கோணமல்லாத மூலையும் எங்களுக்கு எளிதாக அமைந்தன. விரிதாளில் இருந்து படிகளை இயக்கியபோது, தள உயரத்தை 150 மில்லிமீட்டர் கூட்டியதும் படிக்கட்டு தானே சரிசெய்துகொண்டது. பான்சாயில் படிக்கட்டின் அளவுகளை நாங்களே மறுபடியும் கொடுத்தோம். ஃப்ரீகேடின் வரைதாள் பணிமேடையில் வெட்டுத்தோற்றம் துல்லியமாக வந்தது; ஆனால் ஒவ்வொரு திருத்தத்துக்கும் அது மீண்டும் கணக்கிடும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இவ்வளவு சிறிய கட்டடத்துக்கே இப்படி என்றால் பெரியவற்றில் என்ன ஆகும் என்று ஐயம் எழுந்தது.

நாங்கள் எதிர்பாராத ஒன்றையும் கண்டோம். ஃப்ரீகேடில் செய்த படிக்கட்டை ஐஎஃப்சியாக்கிப் பான்சாயில் திறந்தபோது வடிவம் சரியாக இருந்தது. ஆனால் விரிதாளோடு இருந்த தொடர்பு அறுந்துவிட்டது. படிக்கட்டு இப்போது ஒரு திண்மம் மட்டுமே. ஐஎஃப்சியை எல்லாவற்றையும் காப்பாற்றும் வடிவமாக நாங்கள் எண்ணியிருந்ததால் இது சிறு ஏமாற்றமாக இருந்தது.

நெடுங்கணக்கு எழுதியது:

நீங்கள் கண்டது மிக முக்கியமானது. முதல் பதிலிலேயே நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லாதது என் குறை. ஐஎஃப்சி கட்டடம் என்னவாக முடிந்தது என்பதைப் பதிகிறது. எந்த வழியில் அங்கே வந்து சேர்ந்தீர்கள் என்பதை அது பெரும்பாலும் பதிவதில்லை. அளவுகளுக்கு இடையே நீங்கள் எழுதிய விதிகள் அந்தந்த மென்பொருளின் சொந்தக் கோப்பில்தான் உயிரோடு இருக்கும். ஆகவே விதிகளோடு செய்த பகுதிகளுக்கு ஃப்ரீகேடின் கோப்பையும் உடன் வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கோப்பும் மூடிய பெட்டி அன்று: அது ஒரு சுருக்கப்பட்ட தொகுப்பு, விரித்தால் உள்ளே எக்ஸ்எம்எல் விவரங்களும் வடிவக் கோப்புகளும் தனித்தனியே கிடைக்கும்.

தூக்குக்குண்டு எழுதியது:

நீங்கள் இணைத்த தாள்களை அச்சிட்டுப் பார்த்தேன். 1:100 அளவுகோலில் அளவுகள் சரியாக இருக்கின்றன. அச்சுப்பொறி பக்கத்துக்கேற்பச் சுருக்கவில்லை என்பதை அளவுகோல் வைத்து உறுதிசெய்துகொண்டேன். ஒரு குறை மட்டும். வெட்டுப்பட்ட சுவருக்கும் அதற்கு அப்பால் தெரியும் படிக்கட்டுக்கும் கோட்டின் தடிமன் ஒன்றாகவே இருக்கிறது. வெட்டுப்பட்டதை 0.5 மில்லிமீட்டரிலும், அப்பால் தெரிவதை 0.25இலும், அளவுக் கோடுகளை அதைவிட மெல்லியதாகவும் வைத்தால், வெயிலில் காகிதத்தை விரித்துப் பார்ப்பவருக்கு எது சுவர், எது தரை என்ற குழப்பம் வராது.

கட்டமைப்புக் கணக்கையும் இதே மென்பொருளில் செய்யலாமா என்று உங்கள் பொறியாளர் கேட்டால், ஃப்ரீகேடில் கால்குலிக்ஸ் என்ற கட்டற்ற பகுப்பாய்வு நிரல் இணைகிறது என்று சொல்லுங்கள். ஆனால் அது தகைவையும் திரிபையும் தரும். கம்பி எத்தனை, இடைவெளி எவ்வளவு என்று தர விதிகளின்படி முடிவு செய்வது அவர் கையில்தான் இருக்க வேண்டும்.

வரைபலகை எழுதியது:

கோட்டுத் தடிமன்களை நடைத்தாளில் திருத்திவிட்டோம். புதிய வேலைகளைப் பான்சாயில் ஐஎஃப்சி 4 கோப்பாகத் தொடங்குவது, படிக்கட்டு போன்ற விதிகள் நிறைந்த பகுதிகளை ஃப்ரீகேடில் செய்து சேர்ப்பது, வெளியே டிஎக்ஸ்எஃப் ஆகவும் பிடிஎஃப் ஆகவும் அனுப்புவது என்று மூவரும் உடன்பட்டிருக்கிறோம். எஞ்சியிருப்பது எட்டு ஆண்டுப் பழைய கோப்புகள். சந்தா இன்னும் சில மாதங்களுக்கு உயிரோடு இருக்கிறது. அவற்றை எல்லாம் ஐஎஃப்சியாக மாற்றிவிட வேண்டுமா?

நெடுங்கணக்கு எழுதியது:

வேண்டாம். கோடுகளாக வரைந்ததைச் சுவர்களாக மாற்றுவது மீண்டும் ஒருமுறை வடிவமைப்பதற்குச் சமம். மறுபடியும் கைவைக்க நேரும் கட்டடத்துக்கு மட்டும், அந்த நாளில் அதைச் செய்தால் போதும். சந்தா முடிவதற்குள் ஒவ்வொரு கோப்பையும் டிஎக்ஸ்எஃப் ஆகவும், நெடுங்காலச் சேமிப்புக்கென 2005இல் ஐஎஸ்ஓ தரமாக வந்த பிடிஎஃப்/ஏ வடிவத்திலும் எடுத்துவிடுங்கள். வெளியிலிருந்து இணைத்த வரைபடங்கள் இருந்தால், ஏற்றுமதிக்கு முன் அவற்றை முதன்மைக் கோப்புக்குள் சேர்த்துவிடுங்கள். பிரிந்து கிடந்தால் டிஎக்ஸ்எஃபில் வெறும் பெயராகத்தான் எஞ்சும். எடுத்த டிஎக்ஸ்எஃபைச் சந்தா உயிரோடு இருக்கும்போதே லிப்ரேகேடிலோ க்யூகேடிலோ திறந்து, பிடிஎஃப்போடு ஒப்பிட்டுப் பாருங்கள். நிழற்கோடுகளும் எழுத்துகளும்தான் முதலில் பிசகும்.

ஒவ்வொரு வேலையின் கோப்புறையிலும் ஓர் எளிய உரைக்கோப்பை வையுங்கள். எந்த மென்பொருளின் எந்தப் பதிப்பில் வரைந்தது, அலகு என்ன, மூலப்புள்ளி கட்டடத்தின் எந்த மூலை, வடக்கு எந்தப் பக்கம் என்ற நான்கு வரிகள் அதில் இருக்கட்டும். கட்டற்ற மென்பொருளில் வரைந்ததாக இருந்தால், அந்தப் பதிப்பின் நிறுவல் கோப்பையும் உடன் சேர்த்துவைக்க உரிமம் உங்களுக்குத் தடையின்றி இடம் தருகிறது, அதையும் செய்துவிடுங்கள்.